வரைகோலும் மனச்சான்றும்



எசுபிஎம் தேர்வு முடிவுகள் வெளிவரும் காலத்தில் பெற்றோர்கள் கேட்கும் கேள்விகளுள் ஒன்று, "ஐயா, பிள்ளை வரைகலை வடிவமைப்புப் படிக்கப் போகிறேன் என்கிறாள். அதில் வருமானம் வருமா?" என்பதாகும். வரும். அச்சகம், விளம்பர நிறுவனம், பதிப்பகம், வங்கி, அரசுத் துறை என்று வடிவமைப்பாளர் தேவைப்படாத இடம் இன்று குறைவு. ஆனால், அவ்வருமானம் எதை வரைந்து வரும் என்ற மற்றொரு கேள்வியும் இருக்கின்றது. அதனை யாரும் கேட்பதாகத் தெரியவில்லை. மருத்துவருக்கு மருத்துவ அறம் என்று ஒன்று உண்டு, வழக்கறிஞருக்கும் உண்டு. எழுத்தும் வண்ணமும் படமும் கொண்டு பிழைப்பவருக்கு அப்படி ஒன்று உண்டா? இதனை அத்தொழிலைச் செய்தவர்களே ஒருமுறை எழுந்து நின்று கேட்டனர். அது நடந்தது 1963ஆம் ஆண்டின் இறுதியில், இலண்டன் மாநகரில். அந்த வரலாற்றையும் அதன் பின்விளைவுகளையும் சற்று விரிவாகக் காண்போம்.

இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகும் பிரிட்டனில் பங்கீட்டு முறை நீண்டகாலம் நீடித்தது. சர்க்கரைக்கும் இறைச்சிக்கும் அட்டை காட்டி வரிசையில் நின்ற மக்களுக்கு 1954ஆம் ஆண்டு ஜூலையில்தான் அதிலிருந்து முழு விடுதலை கிடைத்தது. அடுத்த ஆண்டே, 1955 செப்டம்பர் 22ஆம் நாள், அந்நாட்டில் வணிகத் தொலைக்காட்சி தொடங்கியது. அதில் ஒளியேறிய முதல் விளம்பரம் ஒரு பற்பசைக்கு உரியது. கடைகளில் பொருள்கள் குவிந்தன. ஒரே மாதிரியான பத்துச் சலவைத்தூள்களுள் எதனை வாங்குவது என்று முடிவு செய்வதற்குப் பெட்டியின் நிறமும் எழுத்தின் வடிவமும் தவிர வேறு வேறுபாடு இல்லாத நிலை உருவாகியது. அந்த வேறுபாட்டை உண்டாக்கிக் கொடுத்தவர்கள் வடிவமைப்பாளர்கள். ஆகவே அவர்களுக்கு வேலையும் ஊதியமும் பெருகின.

இலண்டனில் ஒரு கூட்டம்

1963 நவம்பர் 29ஆம் நாள், தொழில்துறை ஓவியர்கள் சங்கத்தின் கூட்டம் ஒன்று இலண்டனில் உள்ள சமகாலக் கலைகள் கழகத்தில் நடைபெற்றது. கூட்டத்தில் அமர்ந்திருந்தவர்களுள் கென் கார்லண்ட் என்பவரும் ஒருவர். அப்போது அவருக்கு 34 வயது. 'டிசைன்' என்னும் இதழில் 1956 முதல் 1962 வரை கலை ஆசிரியராகப் பணியாற்றிவிட்டு, சொந்தமாகச் சிறிய வடிவமைப்பகம் ஒன்றைத் தொடங்கியிருந்தார். அணு ஆயுத எதிர்ப்பு இயக்கத்திற்குச் சுவரொட்டிகளும் வரைந்து வந்தார். மற்றவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் தாள் ஒன்றில் தம் மனத்தில் தோன்றியவற்றை எழுதினார். இறுதியில் வாய்ப்புக் கிடைத்தபோது எழுந்து அதனைப் படித்தார். அவையில் கையொலி எழுந்தது.

அந்த எழுத்தே 'முதலில் செய்யவேண்டியவை முதலில்' என்று பொருள்படும் தலைப்பில் 1964 ஜனவரியில் ஒரு சிறு அறிக்கையாக அச்சாகியது. அச்சடிக்கப்பட்ட படிகள் வெறும் 400. கையொப்பமிட்டவர்கள் கார்லண்டையும் சேர்த்து 22 பேர். அப்பெயர்களைப் பார்த்தால் அவர்கள் கற்பனையுலகில் வாழ்ந்தவர்கள் அல்லர் என்பது விளங்கும். எழுத்துருக் கலையைக் கற்பித்த எட்வர்டு ரைட், ஆந்தனி புரோசௌக் போன்ற ஆசிரியர்கள் இருந்தனர். சாம் லேம்பர்ட் என்னும் ஒளிப்படக் கலைஞர் இருந்தார். பெங்குவின் பதிப்பகத்தின் நூல் அட்டைகளை அந்நாளில் மாற்றியமைத்துக்கொண்டிருந்த செர்மானோ ஃபசெட்டியும் அதில் ஒருவர். இவர் இத்தாலியர். இளமையில் நாட்சிகளின் மவுட்ஹவுசன் வதைமுகாமில் அடைபட்டு உயிர்தப்பியவர். திறமை எதற்குப் பயன்படுகிறது என்ற கேள்வி அவருக்கு ஏட்டுக் கேள்வியாக இருந்திருக்க முடியாது.

அறிக்கை சொன்ன செய்தி எளியது. பூனை உணவு, முடி வளர்க்கும் மருந்து, வரி வரியாக வரும் பற்பசை, உடல் இளைக்க ஓர் உணவு, உடல் பெருக்க இன்னோர் உணவு, வெண்சுருட்டு ஆகியவற்றை விற்பதற்கே வடிவமைப்பாளரின் திறமை வீணாகிக்கொண்டிருக்கிறது. நாட்டின் நலத்துக்கு அதனால் விளைவது மிகக் குறைவு. இத்திறமைக்கு இவற்றைவிட நல்ல பயன்கள் உண்டு. அப்பயன்கள் எவை என்றும் அது பட்டியலிட்டது. தெருக்களுக்கும் கட்டடங்களுக்குமான வழிகாட்டிப் பலகைகள், நூல்கள், பருவ இதழ்கள், பொருள்களைப் பயன்படுத்தும் முறையை விளக்கும் கையேடுகள், அறிவியல் வெளியீடுகள் என்பவற்றோடு கல்வித் துணைக்கருவிகளும் அப்பட்டியலில் இடம்பெற்றிருந்தன என்பதை ஆசிரியர்களாகிய நாம் கவனிக்க வேண்டும்.

விளம்பரத்தை ஒழிக்க வேண்டும் என்று அந்த அறிக்கை கூறவில்லை. அது நடவாத செயல் என்பதை வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டது. கேட்டதெல்லாம் முன்னுரிமை மாற வேண்டும் என்பதுதான். பிற்காலத்தில் இவ்வறிக்கையைப் புகழ்ந்தவர்களும் பழித்தவர்களும் இதனை ஒரு துறவுப் பிரகடனம்போல் எடுத்துக்கொண்டது, என் கருத்தில், சரியான வாசிப்பன்று.

400 படிகள் எத்தனை கைகளுக்குப் போய்ச் சேரும்? ஆயினும் அது பரவியது. தொழிற்கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினர் ஆந்தனி வெட்ஜ்வுட் பென் (பின்னாளில் டோனி பென் என்று அறியப்பட்டவர்), 'கார்டியன்' நாளிதழில் தாம் எழுதிவந்த பத்தியில் அறிக்கை முழுவதையும் வெளியிட்டார். அதனைத் தொடர்ந்து பிபிசி தொலைக்காட்சியிலும் கார்லண்டுக்கு இடம் கிடைத்தது.

வெண்சுருட்டுப் பெட்டியின் கதை

அவ்வறிக்கையின் பட்டியலில் இருந்த பொருள்களுள் வெண்சுருட்டைத் தனியே எடுத்துப் பேச வேண்டும். பூனை உணவு யாரையும் கொல்வதில்லை.

அமெரிக்காவின் 'லக்கி ஸ்டிரைக்' வெண்சுருட்டுப் பெட்டி முதலில் கரும்பச்சை நிறத்தில் இருந்தது. பச்சை நிறம் பெண்களைக் கவரவில்லை என்று கருதிய நிறுவனத் தலைவர் ஜார்ஜ் வாசிங்டன் ஹில், 1940இல் புகழ்பெற்ற வடிவமைப்பாளர் ரேமண்ட் லோவியிடம் சென்றார். அப்பெட்டியை மேம்படுத்த முடியாது என்று 50,000 டாலர் பந்தயம் கட்டினார் என்பது லோவி தாமே பெருமையுடன் எழுதிவைத்த கதை. லோவி பச்சையை அகற்றிவிட்டு வெள்ளையைக் கொண்டுவந்தார். நடுவில் இருந்த சிவப்பு வட்டத்தைப் பெட்டியின் முன்பக்கத்தில் மட்டுமன்றிப் பின்பக்கத்திலும் அச்சிடச் செய்தார். மேசைமேல் எப்படிப் போட்டாலும், வெறும் பெட்டியைத் தெருவில் எறிந்தாலும், சின்னம் கண்ணில் படும். காசு செலவில்லாத விளம்பரம்! புதிய பெட்டி 1942இல் சந்தைக்கு வந்தபோது, பச்சை மைக்குத் தேவையான உலோகம் போருக்குப் போய்விட்டது, நாட்டுக்காகவே நிறத்தை விட்டுக்கொடுத்தோம் என்னும் பொருளில் நிறுவனம் விளம்பரம் செய்தது. வாங்குவோரைக் கூட்டுவதற்காகச் செய்த மாற்றம் நாட்டுப்பற்றாக வேடமிட்டுக்கொண்டது.

இங்கே வரலாற்றுக்கு நேர்மையாக இருக்க வேண்டும். 1940இல் லோவிக்குப் புகைப்பதற்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பு தெரிந்திருக்க வழியில்லை. அதனை ஐயத்திற்கு இடமின்றிச் சுட்டிய பெரிய ஆய்வுகள் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் 1950இல்தான் வெளிவரத் தொடங்கின. பிரிட்டனின் அரச மருத்துவர் கல்லூரி தன் அறிக்கையை 1962 மார்ச்சில் வெளியிட்டது. அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரியின் அறிக்கை 1964 ஜனவரி 11ஆம் நாள் வந்தது. கார்லண்டின் அறிக்கை அச்சான அதே மாதம்! ஆக, 1940இல் வரைந்தவருக்கும் 1964க்குப் பிறகு வரைந்தவருக்கும் ஒரே தீர்ப்பு எழுத முடியாது. பின்னவர் தெரிந்தே வரைந்தார்.

தெரிந்த பின் விலகியவர்களும் உண்டு. எமர்சன் ஃபூட் என்பவர் ஒரு காலத்தில் இதே லக்கி ஸ்டிரைக் விளம்பரங்களைக் கவனித்தவர். 1948இல் அந்த வாடிக்கையாளரை அவர் நிறுவனம் கைவிட்டது. அதற்குக் காரணம் தொழில் உறவில் ஏற்பட்ட கசப்பே ஆகும், அறம் அன்று. ஆனால் 1964இல், மெக்கேன் எரிக்சன் என்னும் மாபெரும் விளம்பர நிறுவனத்தின் தலைவர் பதவியில் இருந்தபோது, புகையிலை விளம்பரங்களோடு இனி ஒட்டி வாழ இயலாது என்று பதவியையே விட்டு விலகினார். பின்னர்ப் புகைப்பழக்கத்திற்கு எதிரான தேசிய அமைப்பு ஒன்றுக்குத் தலைமை ஏற்றார். டேவிட் ஆகில்வியின் நிறுவனமும் அதே ஆண்டில் புதிய வெண்சுருட்டு விளம்பரங்களை ஏற்பதில்லை என்று முடிவு செய்தது. இவர்கள் உச்சியில் இருந்தவர்கள்; வேலையை விட்டாலும் அடுப்பு எரியும். மாதச் சம்பளத்திற்கு மேசையில் குனிந்து கோடு போட்ட இளைஞனுக்கு அந்த வசதி இல்லை. இந்த வேறுபாட்டை மறந்துவிட்டு அறம் பேசுவது எளிது.

இனி நம் நாட்டிற்கு வருவோம். சிங்கப்பூர் 1970இலேயே சட்டம் இயற்றி, 1971 முதல் புகையிலை விளம்பரங்களுக்குத் தடை விதித்தது. மலேசியாவில் நேரடி வெண்சுருட்டு விளம்பரங்கள் தடை செய்யப்பட்ட பிறகும் வேறு ஒரு வாசல் திறந்தே கிடந்தது. 1990களில் வளர்ந்த நம் பெற்றோர்கள் பலருக்கு இது நினைவிருக்கும். தொலைக்காட்சியிலும் சாலையோரத் தட்டிகளிலும் வெண்சுருட்டு என்ற சொல் வராது. வெண்சுருட்டின் படமும் வராது. ஆனால், 'பீட்டர் ஸ்டைவசன்ட்' என்ற பெயரில் சுற்றுலா விளம்பரம் வரும். 'சேலம்' என்ற பெயரில் இசை நிகழ்ச்சி வரும். நாட்டின் காற்பந்து லீக் போட்டியே 'டன்ஹில்' என்ற பெயரைத் தாங்கி நின்றது. வீட்டில் தந்தையர் நாற்காலி நுனியில் அமர்ந்து ஆட்டம் பார்ப்பார்கள். பிள்ளைகள் பக்கத்தில் இருப்பார்கள்.

அந்த விளம்பரங்களை வரைந்தவரின் நிலையை எண்ணிப் பாருங்கள். அவர் கையில் கிடைத்தவை ஒரு நிறம், ஓர் எழுத்து வடிவம், ஒரு சின்னம். கடற்கரையோ கச்சேரியோ காற்பந்தோ வரைந்தால் போதும். நிறமும் எழுத்தும் பெட்டியில் உள்ளவையாகவே இருக்கும். பார்ப்பவன் மனம் மீதியை நிரப்பிக்கொள்ளும். சொல்ல முடியாததை வடிவம் சொல்லியது. "நான் சுற்றுலா விளம்பரம்தானே வரைந்தேன்?" என்று அவர் கேட்டால், அவர் வரைந்த தாளில் பொய் ஒன்றும் இருக்காது. ஆயினும், சட்டத்தின் ஓட்டை வழியாக நஞ்சைக் கடத்திய வண்டி அவருடைய வரைகோல்தான். 2004ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகள் இந்த வாசலை அடைத்தன. அதே 2004இல்தான் 'தாக் நாக்' என்னும் புகைப்பழக்க எதிர்ப்பு இயக்கமும் தொடங்கியது. நம் பள்ளிப் பிள்ளைகள் அதற்குச் சுவரொட்டி வரையும் போட்டிகளில் கலந்துகொண்டது பலருக்கு நினைவிருக்கலாம்.

இக்கதையின் கடைசிப் பகுதி ஆஸ்திரேலியாவில் நிகழ்ந்தது. 2011இல் இயற்றப்பட்டு 2012 டிசம்பர் முதல் நடைமுறைக்கு வந்த சட்டம், வெண்சுருட்டுப் பெட்டியிலிருந்து நிறம், சின்னம், அழகிய எழுத்து அனைத்தையும் நீக்கியது. எல்லா நிறுவனங்களுக்கும் ஒரே மங்கிய பழுப்பு நிறம், ஒரே எழுத்து, எச்சரிக்கைப் படம். எந்த நிறம் மக்களுக்கு மிகவும் வெறுப்பூட்டும் என்று ஆய்வு செய்தே அந்நிறம் தேர்ந்தெடுக்கப்பட்டது. முதலில் அதனை 'ஆலிவ் பச்சை' என்று அழைத்தனர். ஆலிவ் பயிரிடுவோர் முறையிட்ட பிறகே அது 'மங்கிய கரும்பழுப்பு' ஆயிற்று. வாழ்நாளெல்லாம் கவர்ச்சியை உண்டாக்கக் கற்ற கலை, கவர்ச்சியைக் கெடுப்பதற்கும் பயன்பட்டது. புகையிலை நிறுவனங்கள் இச்சட்டத்தை எதிர்த்து ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் வரை சென்று 2012 ஆகஸ்டில் தோற்றன. சிங்கப்பூர் 2020 ஜூலை 1 முதல் இதே முறையைப் பின்பற்றுகிறது.

நிறத்தையும் எழுத்தையும் காப்பாற்றுவதற்காக அந்நிறுவனங்கள் அத்தனை பணத்தை வழக்கில் கொட்டின என்றால், அந்த நிறமும் எழுத்தும் வெறும் அலங்காரமா? "பெட்டிக்குள் என்ன இருக்கிறதோ அது முதலாளியின் பொறுப்பு, நான் மேலே நிறம் பூசினேன்" என்னும் வாதத்தை வடிவமைப்பாளர்கள் நெடுங்காலம் சொல்லி வந்தனர். அவ்வாதத்தை முதலாளிகளே நீதிமன்றத்தில் உடைத்துப் போட்டார்கள். இன்று வேப் எனப்படும் மின்வெண்சுருட்டுகள் விளையாட்டுப் பொருள்போலவும் மிட்டாய்போலவும் உருவெடுத்துப் பள்ளிப் பைகளுக்குள் நுழைவதைக் கட்டொழுங்கு ஆசிரியர்கள் அறிவார்கள். அவற்றுக்கும் யாரோ ஒருவர் வரைந்து கொடுத்திருக்கிறார். மலேசியாவில் இவற்றையும் உள்ளடக்கிய 852ஆம் சட்டம் 2024 அக்டோபர் 1இல் நடைமுறைக்கு வந்தது.

மறுப்பும் விடையும்

கார்லண்டின் அறிக்கை மறக்கப்பட்டுவிடவில்லை. 1999ஆம் ஆண்டின் இறுதியிலும் 2000இலுமாக, 33 வடிவமைப்பாளர்களும் எழுத்தாளர்களும் கையொப்பமிட்ட புதிய வடிவம் 'ஆட்பஸ்டர்ஸ்', 'எமிக்ரே', 'ஐ' முதலிய இதழ்களில் வெளிவந்தது. கார்லண்டும் அதில் மீண்டும் கையொப்பமிட்டார். மில்டன் கிளேசர், எரிக் ஸ்பீக்கர்மன், எல்லன் லப்டன் முதலியோர் பெயர்களும் இருந்தன. இம்முறை சூடான மறுப்புகள் எழுந்தன. அவற்றுள் நியூயார்க்கைச் சேர்ந்த மைக்கேல் பியரூட் எழுதியது குறிப்பிடத்தக்கது. கையொப்பமிட்டவர்களில் பெரும்பாலோர் அருங்காட்சியகம், பல்கலைக்கழகம், பதிப்பகம் ஆகியவற்றிற்கு வேலை செய்பவர்கள். சலவைத்தூள் பெட்டி வரைய அவர்களை யாரும் அழைப்பதே இல்லை. அழைக்கப்படாத விருந்தை மறுப்பது என்ன தியாகம் என்பது அவர் வாதத்தின் சாரம். மேலும், சலவைத்தூள் வாங்கும் எளிய மக்களுக்கும் தெளிவான, அழகான பெட்டியைப் பெறும் உரிமை உண்டு என்றார். இந்த இரண்டாவது கருத்தை என்னால் மறுக்க முடியவில்லை. நம் தாய்மார்கள் கடையில் கையில் எடுக்கும் மருந்துப் புட்டியில் எழுத்துத் தெளிவாக இருப்பதும் ஒரு சமூகத் தொண்டுதான்.

கிளேசரின் நிலை இன்னும் சுவையானது. 1977இல் நியூயார்க்கிற்காக இதயச் சின்னம் பதித்த அந்தப் புகழ்பெற்ற வடிவத்தை ஊதியமின்றிக் கொடுத்தவர் இவர். 2000களின் தொடக்கத்தில், நரகத்திற்குச் செல்லும் வழியில் வடிவமைப்பாளருக்குப் பன்னிரண்டு படிகள் என்று ஒரு வினாப்பட்டியலை எழுதினார். கடைத்தட்டில் பெரிதாகத் தோன்றும்படி ஒரு பொட்டலத்தை வரைவாயா என்பது முதற்படி. சத்துக் குறைந்தும் சர்க்கரை மிகுந்தும் உள்ளது என்று தெரிந்த ஓர் உணவுக்குக் குழந்தைகளைக் கவரும் உறை வரைவாயா என்பது நடுவில் வரும் படி. அடிக்கடி பயன்படுத்தினால் உயிரையே போக்கக்கூடிய பொருளுக்கு விளம்பரம் வரைவாயா என்பது கடைசிப் படி. எந்தப் படியில் நிற்பாய் என்று அவரவரே தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டும். இதில் ஒரு முரண் உண்டு. புரூக்ளின் மதுவாலைக்குச் சின்னம் வரைந்தவரும் இதே கிளேசர்தான். கூலிக்குப் பதிலாக அந்நிறுவனத்தில் பங்கு பெற்றுக்கொண்டவர். பீர் எந்தப் படியில் வரும்? இதனைக் கொண்டு அவரைப் போலி என்று சிலர் சொல்லக்கூடும். நான் அவ்வாறு கருதவில்லை. தாமும் அந்த ஏணியில்தான் நிற்கிறோம் என்று அறிந்தவரால்தான் படிகளை அவ்வளவு நுணுக்கமாக எண்ண முடிந்தது.

வணிகம் ஒரு பக்கம், அறம் மறுபக்கம் என்று கோடு போட்டுவிட முடியாது என்பதற்கு இன்னொரு சான்று சாலைப் பலகைகள். ஜாக் கின்னியர் என்பவர் பி அண்ட் ஓ கப்பல் நிறுவனத்திற்குப் பயணப்பெட்டிகளில் ஒட்டும் அடையாளத் தாள்களை வரைந்து கொடுத்தார். பினாங்கிற்கும் சிங்கைக்கும் ஒரு காலத்தில் பயணிகளைக் கொண்டுவந்த அதே நிறுவனம்தான். எழுதப் படிக்கத் தெரியாத சுமைதூக்குவோரும் நிறத்தையும் வடிவத்தையும் கண்டு பெட்டியைச் சரியான இடத்தில் சேர்க்க வேண்டும் என்பதே அவ்வேலையின் தேவை. முழுக்க வணிக வேலை. அந்நிறுவனத்தின் தலைவர் காலின் ஆண்டர்சன், பிரிட்டனின் நெடுஞ்சாலைப் பலகைகளை முடிவு செய்யும் குழுவுக்குத் தலைமை ஏற்றபோது கின்னியரை அழைத்தார். கின்னியரும் அவருடைய மாணவியாக இருந்து துணைவராக வந்த மார்கரெட் கால்வெர்ட்டும் உருவாக்கிய பலகைகள் 1965 ஜனவரி 1 முதல் பிரிட்டன் சாலைகள் எங்கும் வந்தன. பள்ளிப் பிள்ளைகள் கடக்கும் இடம் என்னும் பலகையில், பழைய படத்தில் தொப்பியணிந்த பையன் ஒருவன் சிறுமியை அழைத்துச் செல்வான். கால்வெர்ட் அதனை மாற்றினார். தம் சிறுவயது ஒளிப்படத்தை நினைவில் வைத்து, ஒரு சிறுமி தன்னைவிடச் சிறிய பையனைக் கைப்பிடித்து அழைத்துச் செல்வதாக வரைந்தார். பெட்டி ஒட்டுத்தாளில் கற்ற பாடம் குழந்தைகளின் உயிரைக் காத்தது.

கார்லண்டும் இவ்வாறே வாழ்ந்தார். அவருடைய முக்கிய வாடிக்கையாளர் கால்ட் என்னும் விளையாட்டுப் பொருள் நிறுவனம். அதுவும் இலாபம் தேடும் வணிகம்தான். ஆனால், பள்ளிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் மரத்தாலான நல்ல கற்றல் பொருள்களைத் தயாரித்தது. அதற்குச் சின்னம், விலைப்பட்டியல், உறை ஆகியவற்றை வரைந்ததோடு 'கனெக்ட்' போன்ற விளையாட்டுகளையும் உருவாக்கினார். வடிவமைப்பகத்தைப் பெரிதாக்காமல் ஒரு சிலரோடு மட்டுமே நடத்தினார். பெரிய அலுவலகம் வைத்தால் பெரிய செலவு. பெரிய செலவுக்குப் பிடிக்காத வேலையையும் ஏற்க நேரும். வீட்டுச் செலவு நடத்தும் நம் தாய்மார்களுக்கு இக்கணக்கை விளக்க வேண்டியதில்லை. அவர் 2021 மே மாதம் காலமானார்.

இப்போது நம் பள்ளிகளைப் பார்ப்போம். 1964இன் பட்டியலில் இருந்த கல்வித் துணைக்கருவிகள் நம்மிடம் எந்நிலையில் உள்ளன? ஒரு நொறுக்குத்தீனிப் பொட்டலத்தையும் ஒரு தமிழ்ப் பயிற்றியையும் மேசைமேல் அருகருகே வைத்துப் பாருங்கள். பொட்டலத்தின் ஒவ்வோர் அங்குலத்திலும் தேர்ந்த கை தெரிகின்றது. பயிற்றியிலோ வரிகள் நெருங்கிக் கிடக்கின்றன. எங்கோ எடுத்த படம் எங்கோ ஒட்டப்பட்டிருக்கின்றது. முதலாம் ஆண்டுப் பிள்ளைக்கு எழுத்து மிகச் சிறியது. பொது அறிவிப்புகளில் தமிழ் படும் பாட்டையும் அறிவோம். தமிழ் அறியாத ஒருவர் எழுத்தை ஒட்டும்போது, இந்திய மொழிகளுக்கான அமைப்பை மென்பொருளில் இயக்காவிட்டால், 'கெ' என்பதில் முன்னே நிற்கவேண்டிய கொம்பு 'க'வுக்குப் பின்னே போய் நிற்கும். 'கொ' இரண்டாகப் பிளக்கும். அச்சான பிறகு நாம் கொதித்துக் கடிதம் எழுதுவோம்.

நல்ல முன்மாதிரியும் நம் நாட்டிலேயே உண்டு. முத்து நெடுமாறன் 1985இல் 'முரசு' மென்பொருளைத் தொடங்கியவர். அவர் உருவாக்கிய 'இணைமதி' எழுத்துரு ஆப்பிள் கணினிகளில் இடம்பெற்றது. வணிக நிறுவனங்களுக்கும் அவர் உழைத்தார். முரசு அஞ்சலின் இலவசப் பதிப்பையும் தமிழர்க்கு வழங்கினார். இன்று நாம் கைப்பேசியில் தமிழைத் தட்டச்சு செய்வதற்குப் பின்னே அவருடைய 'செல்லினமும்' இருக்கின்றது.

பெற்றோர்களிடமும் ஆசிரியர்களிடமும் ஒன்று சொல்லியாக வேண்டும். நாம் வடிவமைப்பாளரை எப்போது அழைக்கிறோம்? பள்ளி ஆண்டு மலருக்கு, கோயில் திருவிழாப் பதாகைக்கு, தமிழ் விழா அழைப்பிதழுக்கு. அழைக்கும்போதே, "தமிழ்ப் பணிதானே, தம்பி" என்று சொல்லிவிடுகிறோம். கூலி பற்றிப் பேச்சே எழுவதில்லை. அந்த இளைஞர் நம் மலரை இரவெல்லாம் விழித்து இலவசமாக முடித்துக் கொடுத்துவிட்டுக் காலையில் சர்க்கரைத் தண்ணீர் விளம்பரம் வரையப் போகிறார். வாடகை அங்கிருந்துதான் வருகிறது. கிளேசர் இலவசமாகக் கொடுத்தபோது அவர் ஏற்கெனவே பெயர் பெற்றவர். 22 வயதுப் பிள்ளை அப்படியல்ல. நற்பணிக்குக் காசில்லை என்று நாமே பழக்கிவிட்டு, அவன் மனச்சான்றை மட்டும் கேள்வி கேட்பது எந்த நியாயம்?

இவ்வாண்டுப் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில், முதலாம் ஆண்டு வாசிப்புத் தாள்களை முறையாக வடிவமைக்க ஒரு தொகை ஒதுக்குமாறு கேட்டிருக்கிறேன். பெரிய தொகையன்று. எழுத்தின் அளவு, வரியிடைவெளி, சொல்லுக்குப் பக்கத்திலேயே படம், ஒரு பக்கத்தில் ஆறு வரிக்கு மேல் வேண்டாம் என்பவை எங்கள் தேவைகள். வரைகலை பயிலும் முன்னாள் மாணவர்கள் எவரேனும் இருப்பின் பள்ளிக்கு வந்து மாதிரித் தாள்களைப் பெற்றுக்கொள்ளலாம். கல்லூரி நேர்காணலுக்குக் கொண்டுசெல்லும் படைப்புத் தொகுப்பிலும் அவற்றை வைத்துக்கொள்ளலாம். கூலி எவ்வளவு என்பதை வேலை தொடங்குமுன் எழுதிக் கொடுப்போம்.